ஷோகேஸ் சட்டத்தில் குழிப்புள்ளி: குற்றம் யார் மேல்?

திருத்தணி மலையடிவாரக் கடைகளில் மர அலமாரி போய் அனோடைஸ்டு அலுமினிய ஷோகேஸ் வந்து வெகுகாலமாகிறது. ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தை நம்பிப் புதிதாகப் போட்ட ஷோகேஸில், தை பிறப்பதற்குள் கடுகளவு குழிகள் விழுந்தால் வணிகர் என்ன செய்வார்? "உங்கள் உப்பு மூட்டைதான் காரணம்" என்பார் செய்து கொடுத்தவர். "சரக்கே மட்டம்" என்போம் நாம். பாக்கித் தொகையைக் கொடுப்பதா, நிறுத்துவதா?

அனோடைசிங் என்பது பெயின்ட் அன்று. கந்தக அமிலத் தொட்டியில் மின்சாரம் செலுத்தி, அலுமினியத்தின் மேற்பரப்பையே கெட்டியான ஆக்சைடு படலமாக மாற்றுவது. ஐ.எஸ். 1868 தர விதிப்படி ஏ.சி. 15 என்றால் படலத்தின் சராசரி கனம் 15 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அதில் 15 கூறு.

பூதக்கண்ணாடி வைத்துக் குழியின் அடியைப் பாருங்கள். சட்டத்தின் பழுப்போ தங்க நிறமோ அடி வரை இறங்கியிருந்தால், குழி முந்தியது, படலம் பிந்தியது. வெறும் சட்டங்கள் ஈரத்தில் கிடந்து அரித்திருக்கும்; காஸ்டிக் சோடாத் தொட்டி அதைப் பெரிதாக்கியிருக்கும். அது தொழிற்கூடத்துக் குறை. மாறாக, குழிக்குள் வெள்ளைப் பொடி பூத்து, துடைத்தால் உலோகம் பளிச்சிட்டால், படலம் பிறகு உடைந்தது. தொட்டி நீரில் குளோரைடு மிகுந்தாலும் இப்படி வெறுங்குழி விழும்; ஆனால் அது சரக்கு இறங்கும் அன்றே தெரியும். ஆகவே பணம் எண்ணுமுன் பார்ப்பது நலம். வெள்ளி நிறச் சட்டத்தில் நிறம் உதவாது. எலெக்ட்ரீஷியனின் மல்டிமீட்டர் உதவும்: ஒரு முனை அறுத்த விளிம்பில், மறுமுனை துடைத்த குழியின் அடியில். மின்சாரம் பாய்ந்தால் அங்கே படலம் இல்லை.

குழி விழுந்த இடமும் சாட்சி சொல்லும். கண்ணாடி செருகும் காடியிலும் உச்சியிலும்கூட ஒரே சீராக இருந்தால் கடைக்காரர் மேல் பழி போட முடியாது. அடிச்சட்டத்தில், மூட்டை சாய்த்த பக்கம் மட்டும் என்றால் நாம் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். ஐப்பசி அடைமழையில் உப்பு கசியும். அந்தக் குளோரைடு படலத்தின் பலவீனமான இடத்தைத் துளைத்துவிடும். ஈரத்தில் பித்தளைத் திருகு பட்டாலும் அரிப்பு வேகமாகும். வெள்ளையடிக்கையில் தெறிக்கும் சுண்ணாம்பு வேறு மாதிரி: குழியாக அல்ல, திட்டாகப் படலத்தைக் கரைக்கும். நம்மவர் சிலர் உப்பையும் புளியையும் சேர்த்தே அடித்தட்டில் அடுக்குகிறார்கள். எந்தப் படலம் தாங்கும்?

பில்லில் 'ஏ.சி. 15' என்று எழுதி வாங்குங்கள். அறுத்த துண்டு ஒன்றையும் கேட்டு வாங்கி, உப்பு அண்டாத கல்லாப் பெட்டியில் போட்டு வையுங்கள். வழக்கு வரும் நாளில் அதையும் ஷோகேஸையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.