உஷார்! தும்மலுக்கு ஊசி சரி, இன்ஹேலரைத் தூக்கிப் போடச் சொன்னால்?

‘பத்தே சிட்டிங், தும்மல் போயே போச்சு! மாத்திரை, ஸ்ப்ரே, இன்ஹேலர் எல்லாத்தையும் இன்னைக்கே நிறுத்திடுங்க!’ என்று ஒரு அக்குபங்சர் நிலையத்தில் சொன்னால், உடனே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

அக்குபங்சரே ஏமாற்று என்று சொல்ல வரவில்லை. மூக்கு அலர்ஜிக்கு அதைச் சோதித்த பெரிய ஆய்வு ஒன்று ஜெர்மனியில் நடந்து, 2013-இல் வெளியானது. பிர்ச் மர, புல் மகரந்தம் ஒத்துக்கொள்ளாத 422 பேர். சிலருக்கு எட்டு வாரத்தில் 12 முறை முறையான ஊசி, சிலருக்குப் புள்ளி தப்பி மேலோட்டமாகக் குத்தும் போலி ஊசி, மற்றவர்களுக்கு அந்த எட்டு வாரமும் ஊசியே கிடையாது. எட்டு வார முடிவில் நிஜ ஊசிக்காரர்கள் கொஞ்சம் தேவலாம் என்றார்கள், மாத்திரையும் குறைந்தது. ஆனால் போலி ஊசியைவிடக் கிடைத்த லாபம், 0 முதல் 6 வரையான அளவுகோலில் வெறும் அரைப் புள்ளி! பதினாறாவது வாரத்தில் அதுவும் காணோம். இதில் யாரும் விளம்பரத்தில் போடாத சங்கதி ஒன்று உண்டு: மூன்று பிரிவினர் கையிலும் செட்ரிசின் என்ற அலர்ஜி மாத்திரை இருந்தது, தும்மல் முற்றினால் போட்டுக்கொள்ள.

நம் ஊரில் ஊசியே இல்லாமல் விரலால் தொடுவதும் அக்குபங்சர் என்ற பெயரில் நடக்கிறது. அந்த ஆய்வு அதைச் சோதிக்கவே இல்லை.

மருந்தை விட்டால் என்ன, தும்மல்தானே என்கிறீர்களா? மூக்கு அலர்ஜிக்காரர்கள் பலருக்கு ஆஸ்துமாவும் ஒட்டிக்கொண்டிருக்கும், சில சமயம் தெரியாமலே. 2016 நவம்பர் 21 மாலை மெல்பர்னில் இடிமழை. ரை புல்லின் மகரந்தம் உடைந்து, பொடிப்பொடியாக மூச்சுக்குழாய்க்குள் இறங்கியது. ஆயிரக்கணக்கானோர் மூச்சுக்குத் தவித்து ஆஸ்பத்திரிகளுக்கு ஓடினார்கள். பத்துப் பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பலருக்கு அதுவரை மூக்கு அலர்ஜி மட்டும்தான், ஆஸ்துமா என்று யாரும் சொன்னதில்லை.

அப்படியும் ஊசி போட்டுப் பார்க்க ஆசையா? பாருங்கள். ஊசி ஒரே முறை பயன்படுத்துவதாக இருக்க வேண்டும், உங்கள் கண்முன்னே சீல் பிரிக்கப்பட வேண்டும். சுத்தம் செய்யாத ஊசியால் ஹெபடைடிஸ் பி பரவியிருக்கிறது. மூக்கோரம் குத்துவது பரவாயில்லை. நெஞ்சிலும் தோள்பட்டைக்குக் கீழும் ஆழமாக இறங்கினால் நுரையீரல் ஓட்டையாகலாம். அரிதுதான், ஆனாலும் நடந்திருக்கிறது.

டாக்டர் எழுதிய மூக்கு ஸ்ப்ரேயும் இன்ஹேலரும் அதுபாட்டுக்குத் தொடரட்டும். ராத்திரி இருமலோ, மூச்சில் விசிலோ கேட்டால் அடுத்த சிட்டிங் வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். பேசவே மூச்சு வாங்கினால் 108-ஐ அழையுங்கள்.