இழுப்பு இல்லாத நாளிலும் மருந்து!

மார்கழி பிறந்தால் தஞ்சாவூர்ப் பக்கத்து வீடுகளில் கோலத்தோடு கூடவே இருமலும் வந்துவிடும். விடியற்காலைப் பனி, போகிக்கு முன்னால் பரண் தட்டும் தூசி, அது அடங்குவதற்குள் சம்பா அறுவடை. முன்பெல்லாம் களத்தில் கதிரடித்துத் தூற்றினார்கள். இப்போது அறுவடை மெஷின் வயலில் இறங்கினால் தெரு வரைக்கும் தூசி வருகிறது. ஆஸ்துமாக்காரர்களுக்குப் பொங்கல் பாதிப் பண்டிகைதான்.

நெல்லை விட்டு எங்கே ஓடுவது? தூசியே படாமல் இருங்கள் என்று நம் ஊர்ப் பெண்களிடம் சொல்வதில் அர்த்தமில்லை. மருந்தைச் சரியாகப் புரிந்துகொண்டால் தூசிக் காலத்தையும் தாண்டலாம்.

ஆஸ்துமா, இழுக்கும்போது மட்டும் வந்து போகிற நோய் அல்ல. மூச்சுக்குழாயின் உள்பக்கம் எப்போதும் கொஞ்சம் வீங்கியே இருக்கும். தூசியோ, புகையோ, ஜலதோஷமோ பட்டதும் குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகி, 'கீ... கீ...' என்று சத்தம் கேட்கிறது. அதனால்தான் மருந்திலும் இரண்டு வகை.

ஒன்று சால்புட்டமால் பம்ப். பெரும்பாலும் நீல நிறம். சில நிமிஷத்தில் தசையைத் தளர்த்திவிடும், ஆனால் வீக்கத்தைத் தொடாது. வீக்கத்தை அடக்குவது புடசொனைட், பெக்ளோமெத்தாசோன் போன்ற ஸ்டீராய்டு பம்ப். இது மெதுவாகத்தான் வேலை செய்யும்; டாக்டர் சொன்னபடி தவறாமல் எடுக்கவேண்டும். சிலருக்கு இரண்டும் கலந்த ஒரே பம்ப்பும் தருவார்கள்.

வேடிக்கை என்னவென்றால், வீட்டில் முதலில் அலமாரிக்குப் போவது இந்த இரண்டாவது பம்ப்தான். "இப்பதான் இழுப்பே இல்லையே, குழந்தைக்கு எதுக்கு தினமும்?" என்பார் மாமியார். இழுப்பு இல்லாமல் இருப்பதே அதனால்தான், அத்தை! 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நீல பம்ப் மட்டுமே சிகிச்சை ஆகாது என்று 2019-ல் உலக ஆஸ்துமா வழிகாட்டிக் குழுவான 'ஜினா'வே சொல்லிவிட்டது.

"பம்ப் ரொம்ப ஸ்ட்ராங், பழகிட்டா விடாது, மாத்திரையே தேவலை" என்று இன்னொரு பயம். கணக்குப் போட்டுப் பாருங்கள். பம்ப்பை ஒரு தடவை அழுத்தினால் வரும் சால்புட்டமால் 100 மைக்ரோகிராம். 4 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் அதுபோல் 40 அழுத்து மருந்து! அது உடம்பெல்லாம் சுற்றித்தான் நெஞ்சுக்கு வரவேண்டும். கை நடுக்கமும் படபடப்பும் வராமல் என்ன செய்யும்?

பம்ப்பை நன்றாகக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, மெதுவாக உள்ளே இழுக்கும்போதே அழுத்தி, 10 எண்ணும் வரை மூச்சை அடக்குங்கள். குழந்தைகளுக்கு ஸ்பேசர் குழாய் கட்டாயம். கைக்குழந்தைக்கு அதோடு முகமூடியும். ஸ்டீராய்டு பம்ப்புக்குப் பின் வாய் கொப்பளித்துத் துப்பவேண்டும், இல்லாவிட்டால் வாயில் வெள்ளை படியும். 200 அழுத்துள்ள பம்ப்பைத் தினம் 4 வீதம் எடுத்தால் 50 நாள். ஆரம்பித்த தேதியைக் காலண்டரில் குறித்துவிடுங்கள். காலியான பம்ப்பும் 'புஸ்' என்றுதான் சத்தம் போடும்!

ஜூன் மாதம் ஹைதராபாத்துக்கு மீன் மருந்து விழுங்கப் போகிறவர்கள் உண்டு. பலன் தருவதாக நிரூபணம் ஏதும் இல்லை. போனாலும் பம்ப்பை மட்டும் நிறுத்தாதீர்கள். கர்ப்பிணிகளும் தாங்களாக நிறுத்தக்கூடாது. வயிற்றுக் குழந்தைக்குப் பிராணவாயு குறைவதுதான் பெரிய ஆபத்து.

வீட்டில் கொசுவர்த்திச் சுருளுக்குப் பதில் வலை கட்டுங்கள். சாம்பிராணி, விறகுப் புகை, மிளகாய் வறுக்கும் நெடி இவற்றிலிருந்து நோயாளியை விலக்கி வையுங்கள். வைக்கோல் பிடுங்கும் வேலையை வேறு யாராவது செய்யட்டும்.

போன 4 வாரத்தில் ராத்திரி இருமி எழுந்தாரா? பகலில் இழுப்போ, நீல பம்ப்போ வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் வந்ததா? ஓடியாட முடியவில்லையா? ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் அறுவடைக்கு முன்பே டாக்டரைப் பாருங்கள்.

ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, குழந்தையின் விலா உள்ளே குழிகிறது, நீல பம்ப் கேட்கவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திராதீர்கள். உடனே 108. வண்டி வரும்வரை நிமிர்த்தி உட்காரவைத்து, ஸ்பேசரில் நீல பம்ப்பை ஒவ்வொரு அழுத்தாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள், படுக்கவைக்க வேண்டாம்.