தென்காசி முதல் விம்பிள்டன் வரை

நுழையும்முன்

விளையாட்டில் வெற்றியும் தோல்வியும் ஓர் ஆட்டத்தோடு முடிந்துவிடுகின்றன. ஆனால், ஆட்டத்திற்கு முன் நிகழ்ந்த பயிற்சியும், ஆட்டத்திற்கு அப்பால் எடுக்கப்பட்ட முடிவுகளும் ஒரு வீரரின் வாழ்வை அளக்கும் கோலாக நிலைத்துவிடுகின்றன. பொருநை வளநாட்டோடு வேர்த்தொடர்புடைய ஒருவர் உலக டென்னிஸ் அரங்கில் உயர்ந்த வரலாறு இப்பாடத்தில் விளக்கப்படுகிறது.

மண்ணும் மரபும்

மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து, குற்றாலத்தில் அருவியாக வீழ்ந்து, தென்காசியைத் தழுவிச் செல்லும் சிற்றாறு, சீவலப்பேரிக்கு அருகில் தாமிரபரணியோடு கலக்கிறது. 2019ஆம் ஆண்டு தனி மாவட்டமாகும் வரை தென்காசி திருநெல்வேலி மாவட்டத்தின் ஒரு பகுதியாகவே விளங்கியது. இத்தென்காசியைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில் 1937ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் தோன்றியவர் இராமநாதன் கிருஷ்ணன்.

அவருடைய தந்தை டி. கே. இராமநாதன் தாமே தேர்ந்த டென்னிஸ் வீரர். மகனுக்கு முதல் ஆசிரியரும் அவரே. பந்தை வலிமையோடு அடிப்பதைவிட, நினைத்த இடத்தில் விழச்செய்வதே சிறந்த ஆட்டம் என்னும் பாங்கு கிருஷ்ணனின் ஆட்டத்தில் இறுதிவரை நிலைத்திருந்தது.

பள்ளிப் பருவத்து வெற்றி

சென்னை இலயோலாக் கல்லூரி நடத்திய பெர்ட்ரம் நினைவுப் போட்டி கல்லூரி மாணவர்க்கு மட்டுமே உரியது. 1951ஆம் ஆண்டு, பள்ளி மாணவராக இருந்த கிருஷ்ணனுக்கு அப்போட்டியில் பங்குகொள்ளக் கல்லூரி முதல்வர் கார்டன் சிறப்பு அனுமதி வழங்கினார். தம்மினும் மூத்த கல்லூரி மாணவர்களை வென்று அச்சிறுவர் கோப்பையைக் கைப்பற்றினார். விதியைக் காரணம் காட்டி மறுத்திருக்கக்கூடிய ஒருவர் திறமையைக் கண்டு வழிவிட்டதும் அவ்வெற்றிக்குத் துணை நின்றது.

இளையோர் பட்டம்

டென்னிஸ் உலகின் மிகப் பழைமையான போட்டி, இங்கிலாந்தில் 1877 முதல் நடைபெற்றுவரும் விம்பிள்டன் ஆகும். இது புல்தரையில் ஆடப்படுவது. மண்தரையில் பந்து மெதுவாகவும் உயர்ந்தும் எழும். புல்தரையிலோ தாழ்ந்தும் விரைந்தும் வழுக்கிச் செல்லும். மண்தரையில் பழகிய வீரர் புல்தரையில் ஆடும்போது, கால்வைப்பு, மட்டையின் வீச்சு, பந்தை எதிர்கொள்ளும் நேரம் ஆகிய அனைத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

1953ஆம் ஆண்டு விம்பிள்டன் இளையோர் இறுதியாட்டத்தில் கிருஷ்ணன் இங்கிலாந்தின் பில்லி நைட்டிடம் தோற்றார். மறு ஆண்டே மீண்டும் சென்றார். 1954ஆம் ஆண்டு இறுதியாட்டத்தில் ஆஸ்திரேலியாவின் ஆஷ்லி கூப்பரை வென்று பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு அகவை 17. விம்பிள்டன் இளையோர் பட்டத்தை வென்ற முதல் ஆசியர் அவரே. தோற்ற கூப்பர் எளியவர் அல்லர். 1958இல் அதே களத்தில் ஆடவர் பட்டத்தை வென்றவர்.

அரையிறுதி இருமுறை

வேகமான முதல் அடியால் எதிரியைத் திணறச் செய்து, உடனே வலையை நோக்கி ஓடிப் புள்ளியை முடிப்பதே அக்காலப் புல்தரை ஆட்டத்தின் போக்கு. கிருஷ்ணனின் முதல் அடியில் அத்தகைய வேகம் இல்லை. அக்குறையை அவர் மென்தொடுகையால் ஈடுசெய்தார். தரையில் பட்ட பந்து எழும் கணத்திலேயே அதனை மட்டையால் தடுத்து, எதிரி இல்லாத இடத்திற்குத் திருப்பி அனுப்புவதில் அவர் வல்லவர்.

1959ஆம் ஆண்டு இலண்டன் குயின்ஸ் மன்றப் போட்டியில் பட்டம் வென்றார். 1960இல் விம்பிள்டன் காலிறுதியில் சிலி நாட்டின் லூயிஸ் அயாலாவை வீழ்த்தி, ஒற்றையர் அரையிறுதியை எட்டிய முதல் இந்தியரானார். அரையிறுதியில் அவரை வென்ற நீல் பிரேசரே அவ்வாண்டின் வாகையர். 1961இல் ராய் எமர்சனை நேர் செட்களில் வென்று மீண்டும் அரையிறுதிக்குள் நுழைந்தார். இம்முறை அவரைத் தோற்கடித்த ராட் லேவர் அவ்வாண்டின் வாகையரானார். 1962இல் நான்காம் தரநிலை பெற்றுக் களமிறங்கியும், கணுக்கால் காயத்தால் இடையிலேயே விலக நேர்ந்தது. அவருக்குப் பின் இந்தியர் எவரும் விம்பிள்டன் ஒற்றையர் அரையிறுதியை இன்றுவரை எட்டவில்லை.

மறுத்த செல்வம்

1968க்கு முன் டென்னிஸ் உலகம் இரு கூறாகப் பிரிந்திருந்தது. ஊதியம் பெறாது ஆடும் வீரர்களே விம்பிள்டனிலும், நாடுகளுக்கு இடையிலான டேவிஸ் கோப்பையிலும் பங்குபெற முடியும். பொருள் பெற்றுத் தொழிலாக ஆடுவோர்க்கு அவ்வாயில்கள் அடைக்கப்பட்டிருந்தன. 1959ஆம் ஆண்டு, தொழில்முறை ஆட்டங்களை நடத்திய அமெரிக்கரான ஜாக் கிராமர், மூன்று ஆண்டுகளுக்கு 1,50,000 டாலர் தருவதாகக் கூறிக் கிருஷ்ணனை அழைத்தார். அன்றைய நாளில் அது மாபெரும் தொகை. ஒப்புக்கொண்டிருப்பின் குடும்பம் செழித்திருக்கும். நாட்டுக்காக ஆடும் உரிமையோ பறிபோயிருக்கும். கிருஷ்ணன் அழைப்பை மறுத்தார். 1960, 1961ஆம் ஆண்டுகளின் அரையிறுதிகளும் 1966இன் டேவிஸ் கோப்பை வெற்றியும் அம்மறுப்பின் பின்விளைவுகளே.

கொல்கத்தாவில் ஒரு மீட்சி

டேவிஸ் கோப்பையில் அக்காலத்தே ஒரு தனிமுறை இருந்தது. முந்தைய ஆண்டில் வென்ற நாடு, மற்ற நாடுகள் தமக்குள் மோதி முடிக்கும்வரை காத்திருந்து, இறுதிச் சவால் சுற்றில் மட்டும் ஆடும். 1966இல் அச்சுற்றை எட்ட இந்தியா பிரேசிலை வெல்லவேண்டியிருந்தது. கொல்கத்தாவில் நடந்த அம்மோதலில் இரு நாடுகளும் இரண்டு ஆட்டங்கள் வீதம் வென்றிருந்தன. முடிவைத் தீர்மானிக்கும் ஐந்தாம் ஆட்டத்தில் கிருஷ்ணனும் தாமஸ் காக்கும் எதிரெதிர் நின்றனர்.

ஐந்து செட்களில் மூன்றை வெல்பவரே வெற்றியாளர். சமநிலையை முறிக்கும் முறை அப்போது இல்லாமையால், இரண்டு ஆட்ட வேறுபாடு கிடைக்கும்வரை ஒரு செட் நீளும். காக் இரண்டு செட்களை வென்றிருந்தார். நான்காம் செட்டில் 5-2 என முன்னணியிலும் இருந்தார். இன்னும் ஓர் ஆட்டம் வென்றால் பிரேசிலுக்கு வெற்றி. அந்நிலையில் கிருஷ்ணன் தொடர்ந்து ஐந்து ஆட்டங்களை வென்று செட்டைத் தம்வசமாக்கினார். 3-6, 6-4, 10-12, 7-5, 6-2 என்னும் கணக்கில் வெற்றி இந்தியாவுக்கு வாய்த்தது. மெல்போர்னில் நடந்த சவால் சுற்றில் ஆஸ்திரேலியா 4-1 என வென்றது. இந்தியா பெற்ற அவ்வொரு வெற்றி, கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் இணைந்து, நியூகோம்ப், ரோச் இணையை வீழ்த்திய இரட்டையர் ஆட்டமாகும்.

களத்திற்கு அப்பால்

1974ஆம் ஆண்டு, தாம் ஆடாத அணித்தலைவராகக் கிருஷ்ணன் பொறுப்பு வகித்த இந்திய அணி, புனேயில் சோவியத் ஒன்றியத்தை வென்று இறுதிக்குத் தகுதி பெற்றது. எதிரணி தென்னாப்பிரிக்கா. அந்நாட்டின் நிறவெறிக் கொள்கையைக் கண்டித்து இந்தியா இறுதியாட்டத்தில் ஆட மறுத்தது. ஆடாமலேயே கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றது. கோப்பையை இழந்த இந்தியா, கொள்கையை இழக்கவில்லை.

கிருஷ்ணன் பெற்ற கலை அடுத்த தலைமுறைக்கும் சென்றது. பாட்டனாரிடமும் பயிற்சி பெற்ற மகன் ரமேஷ், தந்தை வென்ற 25 ஆண்டுகளுக்குப்பின், 1979இல் அதே விம்பிள்டன் இளையோர் பட்டத்தை வென்றார். உடல்வலிமையும் வேகமும் மிக்கோர் நடுவே, தம்மிடம் உள்ளது எது, இல்லாதது எது என்பதைத் தெளிந்து, உள்ளதனைத் தீட்டிக்கொண்டமையே கிருஷ்ணனின் உயர்வுக்கு அடிப்படையாகும்.

தெரிந்து தெளிவோம்

இராமநாதன் கிருஷ்ணன் பெற்ற சிறப்புகள்: அர்ஜுனா விருது - 1961, பத்மஸ்ரீ - 1962, பத்மபூஷண் - 1967.

கற்பவை கற்றபின்

1. ஜாக் கிராமரின் அழைப்பைக் கிருஷ்ணன் ஏற்றிருந்தால் இந்திய டென்னிஸ் வரலாறு எவ்வாறு மாறியிருக்கும்? வகுப்பில் கலந்துரையாடுக.
2. உங்கள் ஊரிலிருந்து மாநில அளவிலோ நாட்டளவிலோ விளையாடிய ஒருவரைக் கண்டு நேர்காணல் செய்து, ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.