ஐவன் மறக்கவில்லை

கணவரையும் பிள்ளைகளையும் யுத்தத்தில் இழந்த பெண்கள் கூடும் எமது மகளிர் வட்டத்தில் சென்ற மாதம் ஒரு நாவலின் கதையைச் சொன்னேன். அதில் கதை சொல்பவன் ஐவன் என்னும் கொரில்லா. “மிருகம் கதைக்கிற புத்தகம் பிள்ளையளுக்கெல்லோ தங்கச்சி” என்று ஒரு அக்கா சிரித்தார். உண்மைதான், சிறுவர்களுக்காகவே எழுதப்பட்டது. அமெரிக்க எழுத்தாளர் கத்தரின் அப்பிள்கேற்றின் இந்நூல் 2012இல் வெளிவந்து, மறு ஆண்டு நியூபெரி பதக்கம் பெற்றது.

வீதியோரக் கடைத்தொகுதி ஒன்றில் காட்சிப்பொருளாக ஐவன் வாழ்கிறான். தொலைக்காட்சி பார்க்கிறான், படம் கீறுகிறான். கூண்டை அவன் கூண்டு என்று சொல்வதே இல்லை. தன்னுடைய இடம் என்கிறான். பிறந்த காடு, கொல்லப்பட்ட பெற்றோர், கொண்டுவரும் வழியில் பெட்டிக்குள் இறந்துபோன இரட்டைச் சகோதரி யாரையும் நினைவில்லை என்கிறான்.

பிறகு றூபி என்ற யானைக்குட்டி அங்கே வருகிறது. கால் புண்ணுக்கு வைத்தியமில்லாமல் இறக்கும் முதிய யானை ஸ்டெல்லா, குட்டியைக் காப்பாற்றும்படி ஐவனிடம் வாக்கு வாங்குகிறது. றூபி கதை கேட்க, ஐவன் முதன்முறையாகத் தன் கதையைச் சொல்கிறான். எல்லாம் அவனுக்கு நினைவிருக்கிறது!

“மனம்விட்டுக் கதையுங்கள்” என்று பெண்களிடம் சொல்லத்தான் எங்களுக்குப் பயிற்சி தந்தார்கள். நானும் பலரை அப்படி வற்புறுத்தியிருக்கிறேன். அது பிழை என்று இப்போது படுகிறது. ஐவனை எவரும் வற்புறுத்தவில்லை. கேட்க ஒரு குழந்தை இருந்தது, அவ்வளவுதான்.

அதன்பின் அவன் தனக்காக அல்ல, றூபிக்காகவே வெளியை விரும்புகிறான். அவன் தாள்தாளாகத் தீட்டியதைத் துப்புரவுத் தொழிலாளியின் மகள் பொருத்திப் பார்க்கிறாள். அது ‘வீடு’ என்ற சொல்லுடன் கூடிய பெரிய ஓவியம்.

நிஜத்திலும் ஓர் ஐவன் இருந்தான். கொங்கோவில் குட்டியாகப் பிடிபட்டவன். வொஷிங்டன் மாநிலத்தின் டக்கோமா நகரக் கடைத்தொகுதியில், சீமெந்துக் கூண்டில் 27 வருடம் தனியே இருந்தான். பொதுமக்களின் எதிர்ப்பினால் 1994இல் அத்லாந்தா மிருகக்காட்சிச்சாலைக்கு மாற்றப்பட்டு, 2012இல் இறந்தான்.

“ஏன் இவ்வளவு காலமும் மறந்த மாதிரி இருந்தவன்?” என்று ஒருவர் கேட்டார். “நினைச்சால் இருக்கேலாது, அதுதான்” என்றார் பக்கத்திலிருந்தவர்.

எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காத ஒரு அம்மா இருக்கிறார். எல்லோரும் எழும்பியபோது என் கையைப் பிடித்து, “அந்த யானைக்குட்டிக்கு என்ன நடந்தது பிள்ளை?” என்றார்.

மற்ற யானைகளோடு சேர்ந்துவிட்டது என்று சொன்னேன்.