பழைய டேப்லட்டும் புதிய விளையாட்டும்



இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள், பெயரளவில்தான் விளையாட்டு. புஞ்சாக் ஆலாம், ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா என்று கோலசிலாங்கூர் வட்டாரத்தில், தோட்டத்தை அண்டியும், தோட்டத்தை விட்டு வந்து தாமான்களிலும் வாழும் நம் குடும்பங்களில் இது வீட்டுக் கணக்கைத் தொடுகிற கேள்வி. 2020-ஆம் ஆண்டு மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது, வீட்டிலிருந்தே படிப்பதற்காகப் பலர் கைக்காசைப் போட்டு டேப்லட் வாங்கினார்கள். அவ்வாண்டு இறுதியில் அறிவிக்கப்பட்ட செர்டிக் திட்டத்தின்வழி ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் கருவிகள் நாடு முழுவதும் மாணவர்களுக்கென ஒதுக்கப்பட்டன. அந்தக் காலத்துக் கருவிகள் பல வீடுகளில் இன்னும் அலமாரியில் இருக்கின்றன. பிள்ளைகள் அதை எடுத்து 'மொபைல் லெஜண்ட்ஸ்' ஆடுகிறார்கள். ஆட்டம் நடுவில் திக்கித் திணறுகிறது. "அப்பா, இது ரொம்ப லேக் ஆகுது, புதுசு வாங்கணும்" என்கிறான் பையன். "படிக்க வாங்கினதுதானே, அதுக்கு இது போதும்" என்கிறார் அப்பா. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச ஊதியம் 1,700 வெள்ளி. அதற்குள் ஒரு குடும்பத்தை நடத்துகிறவருக்குப் புதிய டேப்லட் என்பது சாதாரணச் செலவன்று. ஆகவே பையன் சொல்வது மெய்தானா, பழைய கருவி உண்மையிலேயே தாங்காதா என்று தெரிந்துகொள்வது நல்லது.

முதலில், ஆட்டம் ஓடும்போது கருவிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். திரையில் நாம் காண்பது நகரும் படம் அன்று. அடுத்தடுத்து வரும் தனித்தனிப் படங்கள். வழவழப்பாகத் தெரிய வேண்டுமானால் ஒரு விநாடிக்கு 60 படங்கள் வேண்டும். அதாவது ஒரு படத்தை வரைந்து முடிக்கக் கருவிக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 17 மில்லி விநாடி. 30 படங்கள் போதும் என்றால் 33 மில்லி விநாடி கிடைக்கும். அந்தக் கெடுவுக்குள் வேலை முடியாவிட்டால் முந்தைய படமே திரையில் நின்றுவிடும். அதைத்தான் பிள்ளைகள் திக்குகிறது என்கிறார்கள்.

இந்த வேலையை இருவர் பங்கிட்டுக்கொள்கிறார்கள். தோட்டத்தை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். காலையில் பெரட்டுக் களத்தில் கிராணி நின்று யார் எந்த நிரைக்குப் போவது என்று கணக்குப் பார்த்து அனுப்புகிறார். அவர் ஒருவர், ஆனால் எல்லா முடிவும் அவர் கையில். நிரைக்குப் போகும் தொழிலாளிகள் பலர். ஒவ்வொருவரும் செய்வது ஒரே மாதிரியான வேலை, ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் செய்கிறார்கள். மையச் செயலி என்பது கிராணி. எதிரி எங்கே ஓடுகிறான், குண்டு யார்மேல் பட்டது என்பதையெல்லாம் கணக்கிடுவது அது. வரைகலைச் செயலி என்பது தொழிலாளிகளின் கூட்டம். திரையிலுள்ள இலட்சக்கணக்கான புள்ளிகளுக்கு நிறம் பூசுவது அதன் வேலை. கனமான விளையாட்டுகளில் பெரும்பாலும் முதலில் மூச்சுத் திணறுவது இந்தக் கூட்டம்தான்.

இங்கே டேப்லட்டுக்கென்றே ஒரு சங்கடம் உண்டு. மலிவான கைத்தொலைபேசி ஒன்றின் திரையில் 1,600-க்கு 720 என்ற அளவில் ஏறத்தாழ பதினொன்றரை இலட்சம் புள்ளிகள் இருக்கும். 2022-இல் விற்பனைக்கு வந்த சாம்சுங் கேலக்சி டேப் ஏ8-இன் திரையில் 1,920-க்கு 1,200. அதாவது 23 இலட்சம் புள்ளிகள். சரியாக இரண்டு மடங்கு. விநாடிக்கு 60 படம் என்றால் 13 கோடியே 80 இலட்சம் புள்ளிகளுக்கு மேல் பூச வேண்டும். ஒரே தரத்துச் செயலி இரண்டு கருவிகளிலும் இருந்தால், டேப்லட்டில் இருப்பது அதே ஆள்பலத்தோடு இரண்டு மடங்கு நிலத்தில் வேலை செய்கிறது என்று பொருள். "என் கூட்டாளி போனில் நன்றாக ஓடுகிறதே, என்னுடையது இவ்வளவு பெரிது, ஏன் ஓடவில்லை?" என்று கேட்கும் பையனுக்கு இதுதான் விடை.

இனி, 'பழையது' என்ற சொல்லைச் சற்று உரசிப் பார்ப்போம். வாங்கிய ஆண்டை மட்டும் பார்த்துப் பழையது, புதியது என்று சொல்வது இந்த விஷயத்தில் பெரிதும் ஏமாற்றும். மேலே சொன்ன டேப் ஏ8-இல் இருப்பது யூனிசாக் டி618 என்ற செயலி. 12 நானோமீட்டர் முறையில் செய்யப்பட்டது. எட்டுக் கருக்களில் வலுவானவை இரண்டு. மற்ற ஆறும் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் சிறியவை. படிப்புக்கும் காணொளிக்கும் தாராளமாகப் போதும். ஆனால் 2017-இல் வந்த ஐபேட் புரோவில் இருக்கும் ஏ10எக்ஸ் செயலி, நான்கு ஆண்டுக்கு மேல் மூத்த கருவியினுடையதாக இருந்தும், படம் வரையும் வேலையில் இதைவிடப் பலமடங்கு வலுவானது. அதன் திரை விநாடிக்கு 120 முறை புதுப்பிக்கும். விலை குறைந்த கருவி பிறக்கும்போதே சக்தி குறைந்ததாகப் பிறக்கிறது; விலை உயர்ந்தது தளர்ந்த காலத்திலும் கொஞ்சம் பலத்தோடு இருக்கிறது. பசார் மாலாமிலும் கடைத்தெருவிலும் பழைய டேப்லட் வாங்க நினைப்பவர்கள் ஆண்டைக் கேட்பதோடு நின்றுவிடாமல் செயலியின் பெயரையும் கேட்க வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனால்தான்.

ஆனால் மூத்த கருவிக்கு வேறொரு பக்கத்திலிருந்து முடிவு வருகிறது. 2017-இன் அந்த ஐபேட் புரோ, 2024 செப்டம்பரில் வந்த பதினெட்டாம் பதிப்பு இயங்குதளத்தை ஏற்கவில்லை. பதினேழாம் பதிப்போடு நின்றுவிட்டது. அதற்கும் முன்பு, 2017-இல் ஆப்பிள் நிறுவனம் 32 பிட் செயலிகளை அடியோடு கைவிட்டபோது, முதற்கால ஐபேட்களில் ஆடிய பல விளையாட்டுகள் புதிய கருவிகளில் திறக்காமலே போயின. ஆண்ட்ராய்டிலும் 2019 ஆகஸ்ட் முதல் 64 பிட் வடிவத்தையும் சேர்த்துத் தரவேண்டும் என்று கூகுள் விதித்தது. இரும்பு நன்றாகத்தான் இருக்கும்; விளையாட்டுக் கம்பெனி 'இந்தப் பதிப்பில் எங்கள் ஆட்டம் ஓடாது' என்று ஒருநாள் சொல்லிவிட்டால் அத்துடன் கதை முடிந்தது.

நினைவகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிராணியின் மேசை ஒன்று, பின்னால் ஸ்டோர் அறை ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது வேலைக்கு வேண்டிய தாள்கள் மேசைமேல்; மற்றவை ஸ்டோரில். மேசை என்பது இயங்கு நினைவகம். 3 அல்லது 4 ஜிகாபைட் என்று பெட்டியில் போட்டிருப்பது. மேசை சிறியதாக இருந்தால் ஒன்றை எடுக்க மற்றொன்றைக் கீழே வைக்க வேண்டும். ஆட்டத்தின் நடுவில் வாட்ஸ்அப் பார்த்துவிட்டுத் திரும்பினால் ஆட்டம் தொடக்கத்திலிருந்து ஏறுகிறதே, காரணம் இதுதான். 2020 செப்டம்பரில் வெளிவந்த 'கென்ஷின் இம்பாக்ட்' என்ற பெரிய விளையாட்டு, ஆண்ட்ராய்டில் குறைந்தது 3 ஜிகாபைட் நினைவகம் வேண்டும், 4 இருந்தால் நல்லது என்று அப்போதே கேட்டது. ஸ்டோர் அறையிலும் அது 20 ஜிகாபைட்டுக்கு மேல் இடம் பிடிக்கும். 32 ஜிகாபைட் கருவியில், இயங்குதளமும் குடும்பப் படங்களும் போக, அதற்கு இடமே இராது. ஸ்டோர் நிரம்பி வழியும் நிலையில் சாமானைத் தேடி எடுப்பதும் தாமதமாகும். தேவையற்ற காணொளிகளை நீக்கிய பிறகு பழைய டேப்லட் கொஞ்சம் சுறுசுறுப்பாவதைச் சிலர் கவனித்திருப்பீர்கள்.

அடுத்தது வெப்பம். நம் ஊருக்கு இது மிக முக்கியம். பால்மரம் வெட்டிய தலைமுறைக்கு ஒன்று தெரியும்: விடியலின் குளிர்ச்சியில் பால் நன்றாக ஓடும், வெயில் ஏற ஏறக் குறைந்துவிடும். டேப்லட்டும் ஏறக்குறைய அப்படியே. மேசைக் கணினியில் காற்றாடி உண்டு, டேப்லட்டில் இல்லை. செயலியின் சூடு முதுகுத் தகடு வழியாகத்தான் வெளியேற வேண்டும். வெளியே 33 பாகை. துத்தநாகக் கூரை வீடு. போதாக்குறைக்கு முதுகில் தடித்த ரப்பர் உறை. பத்து நிமிடத்தில் உள்ளே சூடு ஏறிவிடும். செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். முதல் ஆட்டம் நன்றாகப் போய் மூன்றாம் ஆட்டத்தில் திணறுகிறது என்றால் பெரும்பாலும் இதுவே காரணம். உறையைக் கழற்றுவதும், சார்ஜர் போட்டபடி ஆடாமல் இருப்பதும், மின்விசிறிக்கு நேரே உட்காருவதும் கைமேல் பலன் தரும். செலவும் இல்லை.

பிள்ளைகள் எல்லாவற்றையும் 'லேக்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். இதில் இரண்டு வேறுபட்ட நோய்கள் இருக்கின்றன. ஒன்று, நாம் இதுவரை சொன்ன கருவியின் நோய். மற்றொன்று இணையத்தின் நோய். ஆட்டத்தில் ஒருவன் விரலை அசைத்தால் அந்தச் செய்தி தொலைவிலுள்ள வழங்கிக்குப் போய்த் திரும்ப வேண்டும். அதற்கு ஆகும் நேரத்தை இவ்விளையாட்டுகள் திரையின் ஓரத்தில் மில்லி விநாடிக் கணக்கில் காட்டுகின்றன. அந்த எண் நூற்றைத் தாண்டி ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் குற்றம் இணையத்தினுடையது. ஆயிரம் வெள்ளிக்குப் புதுக் கருவி வாங்கினாலும் அது தீராது. எண் சிறியதாகவும் நிலையாகவும் இருந்து, படம் மட்டும் துள்ளித் துள்ளி வந்தால் குற்றம் கருவியினுடையது. செம்பனைக்கு நடுவே வீடு உள்ளவர்களுக்கு முதல் நோய் எதுவென்று சொல்ல வேண்டியதில்லை. இலைகளிலுள்ள நீர் வானொலி அலைகளை விழுங்கும். கோபுரம் தூரத்தில் இருந்தால் மழை நாளில் இன்னும் மோசம். பணம் செலவழிக்குமுன் அந்த எண்ணைத் தந்தை ஒருமுறை தாமே பார்த்துவிடுவது உத்தமம்.

பழைய கருவி வாங்குவோர் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் இதையொட்டி இருக்கிறது. மலேசியாவில் 3ஜி சேவை 2021 இறுதியோடு நிறுத்தப்பட்டது. சிம் அட்டை போடும் வசதி இருந்தும் 4ஜி இல்லாத பழைய டேப்லட்டுகள், அன்று முதல் வீட்டு வைஃபை இல்லாமல் விளையாட்டுக்கு உதவா. 'சிம் போடலாம்' என்று விற்பவர் சொல்வது பொய்யாகாது; ஆனால் அதனால் பயனும் இல்லை.

சரி, எந்த ஆட்டம் ஓடும், எது ஓடாது? நம் கருத்தைச் சொல்லிவிடுகிறோம். 2016-இல் வந்த 'மொபைல் லெஜண்ட்ஸ்', 2017-இல் வந்த 'ஃப்ரீ ஃபயர்' ஆகியவை விலை குறைந்த கைத்தொலைபேசிகளையும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. 4 ஜிகாபைட் நினைவகம் உள்ள ஐந்தாண்டுப் பழைய டேப்லட்டில், அமைப்புப் பக்கத்தில் வரைகலைத் தரத்தைக் குறைத்து, நிழலை நிறுத்திவிட்டால், அவை ஒழுங்காக ஓடும். 2018-இல் வந்த 'பப்ஜி மொபைல்' தாழ்ந்த தரத்தில் தாக்குப்பிடிக்கும். 'கென்ஷின் இம்பாக்ட்' போன்றவற்றை மலிவு டேப்லட்டில் ஓட்டுவது வண்டிமாட்டை லாரியில் பூட்டுவது போல, விட்டுவிடுவதே மேல். படத்தின் அழகைக் குறைத்தால் ஆட்டத்தின் சுவை போய்விடும் என்று பிள்ளைகள் முறையிடுவார்கள். வெற்றி தோல்வி நிழலின் அழகைப் பொறுத்ததன்று என்பது அவர்களுக்கே தெரியும். தேர்ந்த ஆட்டக்காரர்கள் பலர் வேகத்துக்காக வேண்டுமென்றே படத்தரத்தைக் குறைத்து வைத்துக்கொள்கிறார்கள்.

இதையெல்லாம் வெட்டி வேலை என்று முற்றாகத் தள்ளிவிடவும் நம்மால் இயலவில்லை. 2019-இல் பிலிப்பீன்ஸில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் மின்விளையாட்டுக்குப் பதக்கம் வழங்கப்பட்டது. அதில் 'மொபைல் லெஜண்ட்ஸ்' ஒன்று. 2024-இல் ரியாத்தில் நடந்த அவ்விளையாட்டின் அனைத்துலகப் போட்டியில் வென்றது நம் மாநிலத்தின் பெயரையே தாங்கிய 'சிலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ்' அணி. அந்தக் கனவு ஈஜோக்கிலுள்ள ஒரு பையனுக்கு வருவது இயல்பு. கனவு காண்பவர் பலர், அங்கே போய்ச் சேர்பவர் வெகு சிலர் என்பதையும் வீட்டில் பெரியவர்கள் எடுத்துச் சொல்லத்தான் வேண்டும்.

கடைசியாக மின்கலம். விளையாட்டைவிட இது பெரிய சங்கதி. லித்தியம் மின்கலம் ஆண்டுகள் செல்லச் செல்ல உள்ளுக்குள் மூப்படைகிறது; கொள்ளளவு குறைகிறது, கனமான வேலை வந்ததும் மின்னழுத்தம் சட்டென்று விழுகிறது. ஐபோன்களில் இவ்வாறு திடீரென்று அணைவதைத் தடுக்க வேகத்தைக் குறைத்ததை ஆப்பிள் நிறுவனம் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டு, மின்கலம் மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. உங்கள் டேப்லட் 30 விழுக்காடு இருக்கும்போதே ஆட்டத்தின் நடுவில் அணைந்துவிட்டால், முதலில் மின்கலத்தை மாற்ற என்ன ஆகும் என்று பழுது பார்ப்பவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் அது புதுக் கருவியின் விலையில் சிறு பங்காகவே இருக்கும்.

ஓர் அடையாளம் மட்டும் தெரிந்தால் எதையும் யோசிக்க வேண்டாம். டேப்லட்டை மேசையில் மல்லாத்தி வையுங்கள். தட்டையாக உட்காராமல் ஆடினாலோ, திரை ஓரத்தில் சட்டத்தை விட்டு எழும்பி இடைவெளி தெரிந்தாலோ, உள்ளே மின்கலம் வீங்கியிருக்கிறது. அதைச் சார்ஜரில் போடக்கூடாது. அமுக்கவோ குத்தவோ கூடாது. பிள்ளையின் தலைமாட்டில் இரவு வைக்கக்கூடாது. அணைத்து, எரியும் பொருள் இல்லாத இடத்தில் சிமெண்டுத் தரையில் வைத்து, மின்கழிவு வாங்கும் இடத்திலோ பழுது பார்க்கும் கடையிலோ ஒப்படைத்துவிட வேண்டும். வீட்டுக் குப்பையோடு போட்டால் குப்பை லாரியில் நசுங்கித் தீப்பிடிக்கும்.