சாவி யாரிடம் இருக்கிறது?

தம்பி, தேத்தண்ணியைக் குடியும், ஆறிவிடும். வெள்ளம் வந்தால் கோயில் மண்டபத்தைத் திறந்துவிட்டால் போதாதா என்று கேட்டீர். திறக்கலாம். ஆனால் திறந்த அன்று இரவு என்ன நடக்கும் என்பதை இப்போதே யோசிக்க வேண்டும்.

கொழும்பில் எங்கள் ஜிந்துப்பிட்டி மேட்டு நிலம். களனி கங்கை பெருகினால் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம்தான் மூழ்கும். 2016 மே மாதத்தில் அப்படித்தான், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோதும் அப்படித்தான். எனவே பெரும்பாலும் எங்களுக்கு வரும் வேலை, ஓடி வருகிறவர்களை ஏற்பது. பழைய தோட்டத்து வீடுகளில் தீப் பிடித்தாலோ சுவர் சரிந்தாலோ நாங்களும் தெருவில் நிற்போம், அது வேறு.

அடைக்கலம் தேடுவது எப்படி இருக்கும் என்று இந்த நகரத்துத் தமிழருக்குச் சொல்லத் தேவையில்லை. 1983 ஜூலைக் கலவரத்தில் ஆயிரக்கணக்கானோர் இரத்மலானை இந்துக் கல்லூரியிலும் விமான நிலையக் கொட்டகையிலும் பம்பலப்பிட்டியிலும் ஒதுங்கினார்கள். பலர் அங்கிருந்து கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போனார்கள். தண்ணீருக்கும் மலசலகூடத்துக்கும் வரிசையில் நின்றதைத்தான் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள்.

அதனால் முதலில் கணக்குப் பார்ப்போம். ஸ்பியர் என்றொரு சர்வதேசக் கையேடு இருக்கிறது. ஒரு ஆளுக்குக் குறைந்தது 3.5 சதுர மீட்டர் கூரையடி இடம் வேண்டும் என்கிறது அது. 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலமுள்ள மண்டபத்தில் 57 பேர்தான் தங்கலாம். நீர் முந்நூறு பேர் என்று மனதில் வைத்திருந்தீர், இல்லையா? ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லீற்றர் தண்ணீர். மலசலகூடம் ஆரம்பத்தில் 50 பேருக்கு ஒன்று, சில நாளில் 20 பேருக்கு ஒன்றாக வேண்டும். அதிலும் ஆண்களுக்கு ஒன்றென்றால் பெண்களுக்கு மூன்று. மண்டபம் கட்டியவர் யாரும் இதை நினைத்துக் கட்டவில்லை. அதனால்தான் ஒரு கோயில் தனியாக நின்று செய்யக்கூடிய காரியமல்ல இது. கோயிலில் படுக்க இடம், பள்ளிவாசலில் சமையல், பாடசாலையில் மலசலகூடம், தேவாலயத்தில் மருந்தும் நோயாளிகளும் என்று பிரித்துக்கொள்ளலாம். கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயத்துக்கு எல்லா மதத்தவரும் போகிற பகுதி இது. பேசினால் நடக்கும்.

அரசாங்கத்தை விட்டுவிட்டுச் செய்யவும் கூடாது. சுனாமிக்குப் பிறகு, 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தால்தான் அனர்த்த முகாமைத்துவ நிலையம் வந்தது. 117 என்ற அவசர இலக்கம் அவர்களுடையதுதான். ஆனால் உங்கள் தெருவில் நிவாரணப் பட்டியல் எழுதப்போகிறவர் கிராம சேவகர். ஒரே கதவிலக்கத்துக்குள் மூன்று குடும்பம் வாடகைக்கு இருந்தால், பதிவில் ஒன்றுதான் இருக்கும். எனக்கு மிகவும் கவலையான விஷயம் இது. மழைக்கு முன்னமே வீடு வீடாகப் போய் உண்மையான பட்டியலை எழுதி அவரிடம் கொடும். நடக்க முடியாதவர், கர்ப்பிணி, டயாலிசிஸ் செய்கிறவர் எந்த வீட்டில் என்பதும் அதில் இருக்கட்டும். அறிவித்தல்கள் தமிழிலும் சிங்களத்திலும் தயாராக இருக்கட்டும்.

சாவி விஷயம் சின்னதாகத் தெரியும். இரவு இரண்டு மணிக்குத் தண்ணீர் ஏறும்போது காவலாளி ஊரில் இல்லையென்றால் மண்டபம் இருந்தும் பயனில்லை. மூன்று பேரிடம் சாவி இருக்க வேண்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும்.

பாடசாலையைத் தர அதிபர் தயங்குவார், அவர் தயக்கம் நியாயம். டித்வா நேரம் உயர்தரப் பரீட்சையே ஒத்திவைக்கப்பட்டது. பிள்ளைகளின் படிப்பு எத்தனை நாள் நிற்கும் என்பதுதான் அவருக்குப் பயம். ஆகவே அவரோடு உடன்படிக்கை எழுதும்போது, கட்டடத்தை எந்த நாளில் காலி செய்வோம், வகுப்பறைகளை யார் கழுவித் தருவார், தண்ணீர்க் கட்டணத்தை யார் கட்டுவார் என்பதையே முதல் பந்தியாக எழுதும். அதை வாசித்த பிறகு அவரே பேனாவைக் கேட்பார்.