பரிசு யாருக்குக் கொடுத்தோம்?

தேன்கனிக்கோட்டையை அடுத்த ஊரொன்றில் சென்ற ஆண்டு பள்ளி அறிவியல் கண்காட்சி. நடுவர் மூவருள் ஒருவராக அமரும்படி நமக்கு அழைப்பு வந்திருந்தது. ராகி அறுவடைக் காலம் அது. சாலையின் இரு மருங்கிலும் முற்றிச் சாய்ந்த கதிர்கள். வயலுக்கு வயல் காவற்பரண். ஒவ்வொரு பரணின் அடியிலும் முந்திய இரவு மூட்டிய தீயின் சாம்பல். ஆண்டுதோறும் இப்பருவத்தில் கருநாடகத்தின் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி வழியாக நம் காடுகளுக்கு வந்து சேர்வதையும், உழவர்கள் இரவெல்லாம் தகரம் தட்டிக்கொண்டு விழித்திருப்பதையும் இவ்வட்டாரத்துக் குடும்பங்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

பள்ளி மண்டபத்தில் நாற்பது மேசைகள். புகை கக்கும் எரிமலை, சுழலும் காற்றாலை, மழைநீர் சேமிக்கும் வீடு என்று எந்த ஊர்க் கண்காட்சியிலும் காணத்தக்கவையே பெரும்பாலும். ஆயினும் யானையைப் பற்றி மட்டும் மூன்று மேசைகள் இருந்தன. அந்த மூன்றைப் பற்றித்தான் இங்கே எழுதப் புகுந்தோம்.

முதல் மேசையில் தெர்மாக்கோலில் செதுக்கிய அழகிய காடு. நடுவே பிளாஸ்டிக் யானை. அதை நகர்த்தினால் சென்சார் என்னும் உணர்கருவி அறிந்துகொள்கிறது, சிவப்பு விளக்கு எரிகிறது, சைரன் அலறுகிறது. மேசைக்குப் பின்னால் நின்ற சிறுவன் மூன்று நிமிடத்தில், ஒரு சொல்லும் தடுமாறாமல், விளக்கி முடித்தான். இரண்டாம் மேசையில் வயலைச் சுற்றி மின்வேலி அமைத்த மாதிரி. மூன்றாம் மேசை சுவரோரம் ஒதுங்கியிருந்தது. எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி நின்றாள். அவள் முன் இருந்தது, துணி உலர்த்தும்போது மாட்டுகிறோமே, அந்தக் கிளிப்பு ஒன்று. அதன் இரு வாய்களிலும் ஒவ்வோர் ஆணி. ஆணிகளிலிருந்து கம்பி சென்று டார்ச் செல்லோடும் சிறு மின்மணியோடும் இணைந்திருந்தது. வாய்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் துண்டு. துண்டில் கட்டிய நூல் வயலோரமாக நீளும். விலங்கின் கால் நூலை இழுத்தால் துண்டு உருவிக்கொள்ளும், ஆணிகள் முட்டும், மணி ஒலிக்கும். அவ்வளவே.

"யானை வந்தபோது மணி அடித்ததா?" என்று கேட்டோம்.

"யானை வரவில்லை, ஐயா."

அதன்பின் அவள் ஏதோ சொல்ல முயன்றாள், சொற்கள் வரவில்லை. வீட்டில் கன்னடம் பேசுகிற பிள்ளை அவள் என்று பின்னர் அறிந்தோம். நம் கையிலிருந்த மதிப்பெண் தாளில் நான்கு கட்டங்கள் இருந்தன: தோற்றம், விளக்கவுரை, அறிவியற் கருத்து, பயன்பாடு, ஒவ்வொன்றுக்கும் பத்து. தோற்றத்தில் அவளுக்கு மூன்று, விளக்கவுரையில் இரண்டு. முதற்பரிசு சைரனுக்குப் போயிற்று. நாமே கையொப்பமிட்டோம்.

விழா முடிந்து தேநீர் அருந்துகையில் அந்தச் சிறுமியின் மேசைக்கடியில் ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகம் கிடந்தது. சும்மா எடுத்துப் புரட்டினோம். பன்னிரண்டு இரவுகளின் குறிப்பு அதில் இருந்தது. மணி ஒன்பது முறை ஒலித்திருக்கிறது. நான்கு முறை நாய். இரண்டு முறை காட்டுப்பன்றி. ஒரு முறை, இருட்டில் மறந்துபோய் வயலுக்குள் நடந்த அவளுடைய தந்தையே. மற்ற இரண்டு முறையும் யாரும் வரவில்லை. இரண்டும் விடியற்காலை நேரம். அங்கே அவள் எழுதியிருந்தாள்: பனியில் பருத்தி நூல் நனைந்தால் சுருங்குகிறது, சுருங்கியதால் துண்டு தானே உருவிக்கொண்டது, ஆகவே தூண்டில் நரம்பு வாங்கி மாற்றினேன், அதன்பின் பனியால் மணி அடிக்கவில்லை.

தேநீர் தொண்டையில் இறங்கவில்லை. அந்தக் கண்காட்சியிலேயே உண்மையான தொழில்நுட்ப வேலை இதுதான். பிழை நேர்ந்தது, எப்போது நேர்ந்தது என்று பார்த்தாள், காரணம் கண்டாள், மாற்றினாள், மாற்றியது பலித்ததா என்று மீண்டும் பார்த்தாள். நம் நான்கு கட்டங்களில் எதிலும் இதற்கு இடமிருக்கவில்லை.

பிழை தாளில் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள நாம் விரும்பவில்லை. எனினும், தாள் எதைக் கேட்கிறதோ அதையே பிள்ளைகள் செய்வார்கள் என்பது கண்கூடு. தமிழகத்தில் 2012-13ஆம் கல்வியாண்டில் முப்பருவ முறையோடு தொடர் மதிப்பீடு வந்தபோது, எட்டாம் வகுப்பு வரை நூற்றுக்கு நாற்பது மதிப்பெண் செயல்திட்டம் போன்றவற்றுக்கு ஒதுக்கப்பட்டது. நோக்கம் உயர்ந்ததே. விளைந்தது என்ன? எழுதுபொருள் கடைகளில் செயல்திட்டப் படங்கள் அட்டை அட்டையாகத் தொங்கின. மாலையில் தாய்மார் அவற்றை வெட்டி ஒட்டினார்கள். ஆயத்த மாதிரிகள் விலைக்குக் கிடைப்பதும் புதிய செய்தியன்று. தோற்றத்துக்குப் பத்து மதிப்பெண் என்றால் தோற்றத்தை விற்கக் கடை திறப்பார்கள். இதில் வியப்பு என்ன?

இவ்விடத்தில் நம் ஊர்த் தந்தையரிடம் ஒரு சொல். அசோக் லேலண்டு லாரியும், டி.வி.எஸ். மொபெட்டும், டைட்டன் கைக்கடிகாரமும் 1980-களிலேயே ஒசூரில் உருவாகத் தொடங்கிவிட்டன. இன்று தேன்கனிக்கோட்டை வட்டத்திலேயே டாட்டா எலக்ட்ரானிக்ஸ் ஆலை எழுந்து, ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் அங்கே வேலைக்குச் செல்கிறார்கள். ஆலையில் ஒரு பொருளை எப்படி மதிப்பிடுகிறீர்கள்? வண்ணம் பளபளக்கிறது என்று அனுப்பிவிடுவீர்களா? அளந்து பார்ப்பீர்கள், இயக்கிப் பார்ப்பீர்கள், கழிந்ததைத் தனியே வைத்து, ஏன் கழிந்தது என்று தாளில் குறிப்பீர்கள். ஷிப்டு முடிந்து வீட்டுக்கு வந்ததும் அதே தந்தை, நாளை கண்காட்சி என்றால், இரவெல்லாம் அமர்ந்து மகனுக்காகத் தாமே மாதிரியைச் செய்து முடிக்கிறார். சைரன் மேசையில் நிகழ்ந்ததும் அதுதான். பின்னர் அச்சிறுவனே கள்ளமின்றி நம்மிடம் சொன்னான். நாம் முதற்பரிசு கொடுத்தது ஒரு திறமையான பிட்டருக்கு!

அப்படியானால் பெரியவர்கள் உதவவே கூடாதா? அதுவும் சரியன்று. பள்ளி மாணவியாக இருந்தபோதே பெயர்பெற்ற, திருவண்ணாமலையைச் சேர்ந்த வினிஷா உமாசங்கரை வாசகர்கள் அறிந்திருப்பார்கள். தெருவில் துணி தேய்ப்பவர் எரிந்த கரியைக் கொட்டுவதைப் பார்த்து, கரிக்குப் பதில் கதிரவன் ஒளியால் இயங்கும் தேய்ப்பு வண்டியைச் சிந்தித்தவர். ஐந்து மணி நேர வெயில், ஆறு மணி நேரத் தேய்ப்புக்குப் போதும் என்பது அவ்வண்டியின் கணக்கு. 2020இல் சுவீடன் நாட்டின் குழந்தைகள் பருவநிலைப் பரிசும், 2021இல் கிளாஸ்கோ மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன் பேசும் வாய்ப்பும் அவருக்குக் கிடைத்தன. வண்டியின் மாதிரியை உருவாக்கத் தேசியப் புத்தாக்க அறக்கட்டளையின் பொறியாளர்கள் துணைநின்றார்கள். அதனால் அவர் பெருமை குறைந்ததா? இல்லை, கண்டது அவர், கேட்டது அவர், கணக்கிட்டது அவர். வெல்டிங் செய்தவர் வேறு. எது யாருடைய வேலை என்பது ஒளிக்கப்படவில்லை. ஒளிக்கிற இடத்தில்தான் உதவி கெட்டுப்போகிறது.

நடுவண் அரசின் இன்ஸ்பயர்-மானக் திட்டத்தைப் பற்றியும் பெற்றோர் தெரிந்துகொள்வது நன்று. ஒரு பள்ளி தன் மாணவரின் ஐந்து சிந்தனைகள் வரை அனுப்பலாம். தெரிவு பெற்றால் மாதிரி செய்வதற்கென 10,000 ரூபாய் அந்த மாணவரின் வங்கிக் கணக்குக்கே வருகிறது. புதுமை, சமூகப் பயன், சுற்றுச்சூழலுக்கு உகந்த தன்மை, எளிதில் கையாளக்கூடிய தன்மை, இருப்பதைவிட எவ்வகையில் மேல் என்பன அங்கே நோக்கப்படும். பகட்டுக்கு அங்கே தனிக் கட்டம் இல்லை. 1993 முதல் நடந்துவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. பிள்ளைகள் தம் ஊரிலேயே ஒரு சிக்கலை எடுத்து ஆராய வேண்டும். அன்றாடக் குறிப்பேட்டை உடன் கொண்டுவர வேண்டும். தமிழகத்தில் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தார் இதைக் கிராமம் கிராமமாகக் கொண்டுசென்றிருக்கிறார்கள். மேசைக்கடியில் கிடந்த அந்த நோட்டுப் புத்தகத்துக்கு அங்கே மேசைமேல் இடம் கிடைத்திருக்கும்.

2016இல் தொடங்கிய அடல் ஆய்வகங்களைச் சிலர் பெரிதாக நம்புகிறார்கள். ஒரு பள்ளிக்கு 20 இலட்சம் ரூபாய். முப்பரிமாண அச்சுக் கருவி முதலியன. நல்லதே. ஆயினும், பெட்டியைத் திறந்து படத்தில் உள்ளபடி கம்பிகளைப் பொருத்தினால் அது பயிற்சி. இன்னும் திட்டம் ஆகவில்லை. இல்லத்திலோ வயலிலோ எது சரியாக நடக்கவில்லை என்று பிள்ளை தானே கேட்கும்போதுதான் திட்டம் தொடங்குகிறது.

தோல்வியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் பிள்ளைகள் மறைப்பது அதைத்தான். 2022 ஆகஸ்டு 7 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புதிய சிறு ஏவூர்தியின் முதற்பயணம். அதில் 'ஆசாதிசாட்' என்ற எட்டுக் கிலோ துணைக்கோள் இருந்தது. நாடெங்கும் 75 பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவியர் அதற்கு நிரல் எழுதிப் பங்களித்திருந்தார்கள். மதுரை மாவட்டம் திருமங்கலம் அரசுப் பள்ளி மாணவியரும் அவர்களுள் உண்டு. 356 கிலோமீட்டர் வட்டப் பாதையில் சேர வேண்டியது, ஒரு முனையில் 76 கிலோமீட்டர் வரை தாழ்ந்த பாதையில் விடப்பட்டு வீழ்ந்தது. இரண்டாம் அடுக்கு பிரிந்தபோது எழுந்த அதிர்வைத் தாங்காமல் முடுக்கமானிகள் தவறான அளவு காட்ட, மென்பொருள் அவற்றைப் பழுதானவை என்று கருதிவிட்டது என ஆராய்ந்து வெளிப்படையாகச் சொன்னார்கள். திருத்தினார்கள். 2023 பிப்ரவரி 10 அன்று ஆசாதிசாட்-2 தன் பாதையை அடைந்தது. இஸ்ரோவில் செல்லுபடியாகும் இந்த ஒழுங்கு நம் பள்ளி மண்டபத்தில் ஏன் செல்லாக்காசு ஆக வேண்டும்?

மின்வேலி மேசையை மறந்துவிடவில்லை. உடனிருந்த நடுவர் ஒருவர் அதைப் பெரிதும் பாராட்டினார். ஆனால் 2023 மார்ச்சில், நம் அண்டை தருமபுரி மாவட்டத்து மாரண்டஅள்ளி அருகே, வயலுக்குச் சட்டத்துக்குப் புறம்பாக இட்ட மின்வேலியில் மூன்று பெண் யானைகள் மாண்டன. இரு குட்டிகள் தாயிழந்து நின்றன. இத்தகைய வேலியில் மனிதரும் மடிகிறார்கள். மின்கம்பத்திலிருந்து நேரே கொக்கி போடுகிற வேலிக்கும், சிறு துடிப்பாக மட்டும் மின்சாரம் செலுத்துகிற சூரிய வேலிக்கும் உள்ள வேறுபாட்டை அந்த மாணவன் அறிந்திருக்கவில்லை. அவனிடம் யாரும் கேட்கவும் இல்லை. இதனால் யாருக்குத் தீங்கு வரும் என்ற கேள்வி மதிப்பெண் தாளில் இல்லாதது நம் குறையே.

அதே பள்ளியிலிருந்து இவ்வாண்டும் அழைப்பு வந்தது. சில நிபந்தனைகளோடு சென்றோம். மூன்று வாரத்துக்கு முன்பே ஒவ்வொரு மாணவரும் தம் கேள்வியை ஒரே வரியில் ஆசிரியரிடம் எழுதித் தர வேண்டும். "யானையைத் தடுப்பது எப்படி" என்றால் திருப்பித் தரப்படும், "என் வயலுக்கு யானை வருவதை நூறடிக்கு முன் அறிவது எப்படி" என்றால் ஏற்கப்படும். செலவுக்கு ஓர் எல்லை. குறிப்பேடு மேசைமேல் திறந்திருக்க வேண்டும்; மொத்த மதிப்பெண்ணில் பாதி அதற்கே. யார் உதவினார் என்று முதற்பக்கத்தில் எழுத வேண்டும். நடுவர் விளக்கவுரை கேட்பதில்லை. "கழற்றி மீண்டும் மாட்டிக் காட்டு" என்று மட்டும் கேட்பார். கன்னடத்திலோ தெலுங்கிலோ பதில் சொன்னால் கேட்டுச் சொல்ல உள்ளூர் ஆசிரியர் ஒருவர் உடன் நிற்பார். சில பெற்றோர் முகம் சுளித்தார்கள். மண்டபம் சென்ற ஆண்டைப்போல் அழகாக இல்லை என்றார்கள். உண்மைதான், அழகாக இல்லை.

அந்தச் சிறுமி இப்போது ஒன்பதாம் வகுப்பு. கிளிப்பு அதேதான், நரம்பை மட்டும் ஆள் நெஞ்சுயரத்துக்கு ஏற்றிக் கட்டியிருந்தாள். நாயும் பன்றியும் அடியில் புகுந்து போய்விடுகின்றன. பத்து இரவுகளில் மணி இரண்டே முறை ஒலித்தது. ஒன்று, இம்முறையும் தந்தை! மற்றொன்றுக்கு எதிரே, காலையில் வரப்பில் பெரிய காலடி இருந்தது, ஆனால் மழை பெய்திருந்ததால் யானைதான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று எழுதியிருந்தாள்.

நடுவர் மூவரும் நெடுநேரம் வாதிட்டோம். அவளுக்குக் கிடைத்தது இரண்டாம் பரிசு. முதற்பரிசு, தக்காளிக் கூடையின் அடியில் வைக்கோல் பரப்பினால் சந்தைக்குப் போகும் வழியில் எத்தனை பழம் நசுங்காமல் தப்புகிறது என்று, தன் மாமாவின் வண்டியில் ஆறு முறை ஏறிச் சென்று எண்ணிப் பார்த்த ஏழாம் வகுப்புச் சிறுவனுக்கு. நம் வாக்கு அவளுக்குத்தான். மற்ற இருவரும் தக்காளியின் பக்கம்.